தர்மராஜின் பின் அச்சு

பொன்மலை ரயில்வே பணிமனையில் சக்கரப் பிரிவு ஃபிட்டராக இருந்தவர் தர்மராஜ். லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைக்குப் போகும் சந்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார். அதே பணிமனையின் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. காலையில் இருவரும் தொழிலாளர் ரயிலில் சேர்ந்தே போவோம்.

1956 ஆகஸ்டில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் வாசகசாலையில், ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் அவர் ஒரு படம் பார்த்தார். முப்பது வருஷம் பழைய பந்தயக் கார். நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள், பானெட்டை இறுக்கிப் பிடிக்கும் தோல் வார், படகு போல் குவிந்த வால், ஒரே ஒரு இருக்கை. அதே மாதிரி ஒன்றைத் தானே கட்டப்போவதாக மறுநாள் ரயிலில் சொன்னார்.

"கட்டி என்ன பண்ணப் போறீர்?" என்றேன்.

"சோழவரத்துல ஓட்டப்போறேன் சாமி. ஜெயிக்கணும்னு இல்லை. பதினெட்டு வருஷமா எவனோ ஓட்டுற இன்ஜினுக்குச் சக்கரம் மாட்டிக்கிட்டிருக்கேன். நான் கட்டினதை நானே ஒரு தடவை ஓட்டிடணும்."

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமானத் தளத்தில், அப்போது கார் பந்தயங்கள் நடந்துவந்தன.

கொல்லையிலிருந்த மாட்டுக் கொட்டகை பட்டறையாயிற்று. காந்தி மார்க்கெட்டில் லாரி ஓட்டிய பிச்சைமுத்து ஒரு பழைய ஆஸ்டின் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். அவர் தர்மராஜின் மனைவி வேலம்மாளின் அண்ணன். ஆஸ்டினின் மேல்கூடு முழுவதையும் கழற்றிவிட்டு, மரச் சட்டங்களின்மேல் தகட்டை வைத்துத் தட்டித் தட்டி அந்தப் படகு வாலை தர்மராஜ் உருவாக்கினார். அதற்கே ஒரு வருஷம் பிடித்தது.

"மாட்டை வித்தா தீனிச் செலவு மிச்சம்னு நினைச்சேன் மாமி," என்று வேலம்மாள் என் மனைவியிடம் சொன்னாள். "இது கழுவிக்க மட்டுமே வீட்டு மண்ணெண்ணெய் முழுக்கக் கேக்குது."

பின் அச்சில்தான் தகராறு வந்தது. கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உட்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டும் தனித்தனி வேகத்தில் சுற்ற வழிசெய்யும் பல்சக்கரப் பெட்டி ஒன்று அச்சின் நடுவே இருக்கிறது. தர்மராஜ் அதைக் கழற்றி மூலையில் போட்டார். குறுக்கே ஒரே தண்டாக அச்சு கடைந்து, சக்கரத்தின் நடுக் குடத்தைக் கரி நெருப்பில் காய்ச்சி, ரயில் சக்கரத்தை இறுக்குவதுபோல் இரு பக்கமும் இறுக்கினார்.

பிச்சைமுத்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மாப்பிள்ளை, இது திரும்பாதுங்க."

"ரயில் திரும்பலையா மச்சான்? ஒரே அச்சு, ரெண்டு சக்கரம். அத்தனை பாரத்தையும் அதுதான் தாங்குது. அந்தப் பெட்டியெல்லாம் சொகுசுக்கு வச்சது. பந்தய வண்டிக்கு உறுதி வேணும்."

"ரயிலைத் தண்டவாளம் திருப்புது. இதை யாரு திருப்புவா? ஸ்ரீரங்கத்துத் தேர் மாதிரி முட்டுக்கட்டை போட ஆள் வச்சுக்கங்க."

"நீங்க வாழைத்தாரு ஏத்துங்க மச்சான். அச்சை என்கிட்ட விடுங்க."

ரயில் சக்கரத்தின் ஓடுபரப்பு சரிவாகக் கடையப்பட்டது. வளைவில் அந்தச் சரிவுதான் இரு சக்கரங்களின் தூரக் கணக்கைச் சரிசெய்கிறது. அந்தச் சரிவைத் தினமும் அளந்து பார்த்தவர் தர்மராஜ். ரப்பர் டயரில் அது இல்லை என்பது அவருக்கு ஏனோ தோன்றவில்லை.

1958 டிசம்பரில் வண்டி ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொள்ளிடக் கரை மணல் பாதையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். திருப்பத்தில் ஒரு சக்கரம் மணலில் சறுக்கிக்கொடுத்ததால் குறை வெளியே தெரியவில்லை. "சொன்னபடி கேக்குது சாமி," என்றார். அந்த மாதம் முழுவதும் அவர் முகம் வேறாக இருந்தது.

ஜனவரி 11 அன்று கொள்ளிடம் தாண்டி தார் ரோட்டுக்குக் கொண்டுபோனார். சமயபுரம் போகும் வழியில் நேர்ப்பாதை. நானும் பிச்சைமுத்துவும் ரோட்டோரம் நின்றோம். எங்களைக் கடந்தபோது கையைத் தூக்கிக் காட்டினார். அடுத்து இடப்பக்கமாக வளைவு. முன் சக்கரங்கள் திரும்பியதை நான் பார்த்தேன். வண்டி திரும்பவில்லை. நேராகவே போய்ப் புளியமரத்தில் மோதியது.

பெரிய ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேலம்மாள் அழவில்லை. "அண்ணே, நீ சொன்னியே," என்று மட்டும் பிச்சைமுத்துவிடம் சொன்னாள். அவர் அங்கிருந்து எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த வருஷம் முழுவதும் பிச்சைமுத்து ஓய்ந்த நேரமெல்லாம் கொட்டகையில் கிடந்தார். காரின் நசுங்கிய மூக்கை நிமிர்த்தினார். தண்டை வெட்டி எடுத்துவிட்டுப் பழைய பெட்டியையே பின் அச்சில் வைத்தார். பொங்கல் கழிந்து, தர்மராஜை ஒரு குதிரை வண்டியில் ஏற்றி அதே இடத்துக்கு அழைத்துப்போனார். நானும் போனேன். பிச்சைமுத்து கார் இருக்கையில் தன்னைத் திணித்துக்கொண்டு அந்த வளைவில் போனார், வந்தார், மறுபடி வேகமாகப் போனார். கார் லேசாகச் சாய்ந்து அழகாகத் திரும்பியது.

இறங்கி ஓடிவந்தார். "பாத்தீங்களா மாப்பிள்ளை! எல்லாம் நீங்க பண்ணினது. அடுத்த மாசம் சோழவரத்துக்குக் கொண்டுபோவோம். கிளச்சை மிதிக்கத்தான் கால் வேணும், அதுக்கு நான் இருக்கேன். பேரு உங்க பேரு."

தர்மராஜ் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது நீங்க கட்டின வண்டி மச்சான். நல்லா திரும்புது. ஓட்டுங்க. என் பேரு வேண்டாம்."

பிச்சைமுத்துவுக்கும் அப்புறம் மனம் வரவில்லை. கார் ஒழுகும் கொட்டகையிலேயே நின்று இரண்டு மழைக்காலம் நனைந்தது. 1962-ல் வேலம்மாள் அதைப் பழைய இரும்புக்குப் போட்டாள்.

பணிமனையில் தர்மராஜைக் கருவி அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் வழியாக மற்ற ஃபிட்டர்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலை. ஓய்வு பெறும்வரை என்னுடன்தான் ரயிலில் வந்தார். எதிரே யாராவது கார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். ஓடும் ரயிலில் அடுத்த பெட்டிக்குப் போக வழி கிடையாது. பொன்மலை வரும்வரை கதவுக் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பார்.