கட்டுமரக்காரர்கள் நிரப்பிய கோயில்

ரயில் ஆபீஸ் ராயபுரத்தை விட்டு சென்ட்ரல் பக்கம் போனதும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாய் மூட்டை கட்டின. அவர்களுடைய கல்கோயில் மட்டும் எங்கும் போக முடியாமல் கடலைப் பார்த்தபடி நின்றது. ஞாயிறு மணி அடித்தால் புறா பறக்கும், ஆள் வராது.

எங்கள் குப்பத்துக்குச் சாமி வேறு. ஆனால் கோபுரம் எங்களுடையது. கரை ஒரு கோடாய்ச் சுருங்கிப்போகும் தூரத்தில், அந்தக் கூர்முனையைப் பார்த்துத்தான் என் நைனா கட்டுமரத்தைத் திருப்புவார். ஆள் இல்லாத கோயிலை இடிக்கப்போகிறார்கள், பார்த்துவிட்டுப் போகப் பெரிய பாதிரி வருகிறார் என்று, அங்கே தோட்டவேலை பார்த்த மாமா சேதி கொண்டுவந்தார். யோசனையும் அவருடையதே.

“ஆளுதானே வோணும்? நாம போயி குந்திக்கலாம். அவரு எயுந்தா எயுந்திரு, குந்துனா குந்து. அவ்ளோதாம்பா.”

அந்த ஞாயிறு குப்பமே குளித்து, நெற்றித் திருநீற்றை அழித்துக்கொண்டு கிளம்பியது. எனக்குப் பொங்கல் பாவாடை. உள்ளே வழவழவென்று தேக்கு பெஞ்சுகள். சாமிக்கு எதிரே காலைத் தொங்கப்போட்டு உட்காருவதா? யாருக்கும் மனம் வரவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே தரையில் சம்மணம் போட்டோம். பாதிரி நுழைந்தபோது கண்டது காலிக் கோயில்தான். பாதி தூரம் நடந்த பிறகே கீழே தலைகளைப் பார்த்து நின்றார்.

“நீங்கள் எதற்காக வந்தீர்கள்? மெய்யைச் சொல்லும்” என்று நைனாவிடம் புத்தகத் தமிழில் கேட்டார்.

மாமா இருமினார். நைனா எழுந்து கைகட்டினார். “கோபுரத்துக்காவ வந்தோம் தொர. கடல்லேந்து அத்தப் பாத்துதான் வூடு வர்றோம். அத்த இட்ச்சிட்டா எங்க பாடு பேஜாரு.”

“போச்சு. இந்த ஆளை இட்டாந்தேன் பாரு” என்று மாமா தலையில் கைவைத்தார்.

பாதிரி முன்னால் போய், எங்களுக்கு விளங்காத இங்கிலீஷில், ஒரு வரி விடாமல் ஆராதனை நடத்தினார். பாட்டையும் தனியாளாய் அவரே பாடினார். நடுவில் குரல் உடைந்து நின்று, மறுபடி நடந்தது. முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்தார், என் கையையும்.

பிறகு மணியை இறக்கினார்கள், பெஞ்சுகள் வண்டியேறின, கூரை போயிற்று. கோபுரம் மட்டும் நின்றது. அதை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிப் பாதிரி மேலிடத்துக்கு எழுதிக் கேட்டாராம். எல்லாம் தன் மூளை என்று மாமா கடைத்தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பாதிரி அன்று ஆள் பார்க்க வரவில்லை, கதவைப் பூட்ட வந்தார் என்பதும், வழியனுப்ப அந்தக் கோயிலுக்குக் கிடைத்த கடைசிக் கூட்டம் நாங்கள்தான் என்பதும் எனக்கு எங்கே தெரியும்? பாட வராத மனிதர் ஏன் இவ்வளவு நேரம் பாடுகிறார் என்று பாவாடையில் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தேன்.