மாமி கேட்ட ஒரே கேபிள்

எங்கள் தொழிலில் வாடிக்கையாளரின் முகத்தைவிடக் காலைத்தான் அதிகம் பார்ப்போம். பாதி நாள் மேசைக்கு அடியில்தான் போகிறது. லேப்டாப்போடு ரெண்டு மூணு மானிட்டரை ஒரே கேபிளில் இணைத்துக் கொடுப்பது என் வேலை. லேப்டாப்பிலிருந்து ஒரு கேபிள் 'டாக்' என்கிற சின்ன டப்பாவுக்குப் போகும். டப்பாவின் முதுகிலிருந்து மானிட்டர்களுக்குப் பிரியும். அவ்வளவுதான். ஆனால் கறுப்புத் திரையில் 'நோ சிக்னல்' என்று பார்த்து நொந்துபோன உங்களுக்கு, அது அவ்வளவு மட்டும் இல்லை என்று தெரியும்.

பொட்டு

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. விஜயதசமியன்று காலையிலேயே போன். பில் போடும் இடத்தில் ரெண்டு மானிட்டரும் வரவில்லையாம்.

போய்ப் பார்த்தால், மானிட்டருக்குப் பொட்டு, மவுசுக்குப் பொட்டு, டாக்குக்கு மூணு பொட்டு. முந்தின நாள் ஆயுத பூஜைக்குத் துடைப்பதற்காகக் கேபிளைக் கழற்றியவர்கள், காலியாகக் கிடந்த ஓட்டையிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, அதற்கு மேலேயே கேபிளைச் செருகியிருக்கிறார்கள். பல் குத்தும் குச்சியால் அரை மணி நேரம் சுரண்டினேன். அண்ணாச்சி பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தையல் மெசினுக்கு வச்சோம், கத்திரிக்கோலுக்கு வச்சோம், ஒண்ணும் ஆகல. ஒம்ம டப்பாவுக்கு மட்டும் சாமி ஆகாது போலிருக்கே, வே!"

ரெண்டு நாற்காலி

மயிலாப்பூரில் ஒரு மாமி கூப்பிட்டிருந்தார். தனியாக இருக்கிறார். மூத்த பிள்ளை ரகு சிட்னியில், சின்னவன் கண்ணன் நியூஜெர்சியில். அப்பா காரியத்துக்கு வந்த இடத்தில் ரெண்டு பேருக்கும் வாய்த் தகராறு. மூணு வருஷமாகப் பேச்சு கிடையாது. அம்மாவிடம் மட்டும் தனித்தனியாகப் பேசுவார்கள். "இவன் சொன்னதை அவன்கிட்டச் சொல்லிண்டு, அவன் சொன்னதை இவன்கிட்டச் சொல்லிண்டு, நான் என்ன தபால்காரியா?" என்றார்.

வருகிற ஞாயிறு மாமிக்குப் பிறந்தநாள். காலை ஏழு மணிக்கு வீடியோவில் வரச்சொல்லி ரெண்டு பேரிடமும் சொல்லிவிட்டார். இன்னொருத்தன் வருவது எவனுக்கும் தெரியாது. சாப்பாட்டு மேசையில் அவரவர் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு முன்னால் ஆளுக்கொரு மானிட்டர் வேண்டும். ஒரே திரையில் ஸ்டாம்பு ஸ்டாம்பாகத் தெரிவது மாமிக்குப் பிடிக்கவில்லை. முக்கியமாக, ஒரே கேபிள்.

மாட்டி முடித்துச் சோதனைக்கு ரகுவின் போட்டோவைப் போட்டேன். ரெண்டு மானிட்டரிலும் ரகு! என்ன குடைந்தும் கண்ணன் வரவில்லை. தப்பு என்னுடையது. நான் எடுத்துப்போன டாக், ஒரே படத்தை ரெண்டாகக் காட்டுகிற மலிவு ரகம். பார்க்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். வழிசலோடு, "ரெண்டு கேபிளா மாட்டினா இப்பவே முடிஞ்சிடும் மாமி" என்றேன். முடியவே முடியாது என்றார். சரி, வேறு டாக் வரவழைக்கிறேன், சனிக்கிழமைக்குள் வந்துவிடும் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். மாமி ரெண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு ரகுவைச் சமாளிக்கவே என்னால முடியலை. நீ ரெண்டு பேரைக் கொண்டுவந்து உக்கார வச்சுட்டுப் போறியே!"

ஒரே அச்சு

அந்த வாரம் முழுக்க மாமி ஞாபகம்தான். டாக் வந்ததா, வந்ததா என்று கடைக்குப் போன் போட்டு நச்சரித்தபடி அடையாறுக்குப் போனேன். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற ஒரு அம்மா. நேற்று வரை ஓடிய மானிட்டர் இன்று ஓடவில்லை. டாக் கேபிளை வீட்டுக்காரர் ஆபீசுக்கு எடுத்துப் போய்விட்டு, போன் சார்ஜர் கேபிளை அந்த இடத்தில் வைத்திருந்தார். தலை ரெண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் ஒன்று படத்தைச் சுமக்கும், இன்னொன்று கரண்டை மட்டும் வாங்கிக்கொள்ளும் என்று விளக்கினேன். அந்த அம்மா உடனே தலையாட்டினார். "புரிஞ்சிடுச்சுங்க. என் வீட்டுக்காரரும் அவரோட அண்ணனும் மாதிரி. பார்க்க ஒரே அச்சு. ஒருத்தர் வேலைக்குப் போவாரு, இன்னொருத்தர் சாப்பிட மட்டும் வருவாரு."

ஞாயிறு ஏழு மணி

டாக் சனிக்கிழமை சாயங்காலம்தான் வந்தது. ஞாயிறு ஆறு மணிக்கு மாமி வீட்டில் இருந்தேன். இந்த முறை இடது பக்கம் ரகு போட்டோ, வலது பக்கம் கண்ணன் போட்டோ. அப்பாடா! ரெண்டு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு கிண்ணம் பாயசம் வைத்தார் மாமி.

ஏழு மணிக்கு ரெண்டு பேரும் வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "இவனும் வரான்னு நீ சொல்லவே இல்லையேம்மா" என்றான் ரகு. "நான் அப்புறமா கூப்பிடறேன்மா" என்றான் கண்ணன்.

மாமி லேப்டாப்பில் செருகியிருந்த கேபிளைக் கையில் பிடித்தார். "எவன் எழுந்து போனாலும் ரெண்டு பேரையும் சேர்த்துப் பிடுங்கிடுவேன். அப்புறம் எவனோடயும் பேச மாட்டேன். சத்தியம்." குரல் நடுங்கியது, பிடி நடுங்கவில்லை. பிடுங்கினாலும் வீடியோ அறுந்துபோகாது, லேப்டாப் திரையில் ரெண்டு பேரும் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறப்பேனா?

கண்ணன்தான் முதலில், "கண்ணாடி எப்போ போட்டே, அண்ணா?" என்றான். "அது கிடக்கட்டும், உன் முடியெல்லாம் எங்கடா?" என்றான் ரகு. எதையோ சரிபார்ப்பதுபோல மேசைக்கு அடியில் புகுந்துகொண்டேன். முக்கால் மணி நேரம் பேசினார்கள். அவ்வளவு நேரமும் மாமி கேபிளை விடவில்லை. கடைசியில் காபி கொடுக்கும்போது என்னிடம் சொன்னார்: "நீ பாட்டுக்கு ரெண்டு கேபிள் மாட்டியிருந்தா, ஒருத்தனைப் பிடிச்சா இன்னொருத்தன் ஓடியிருப்பானே!"

'ஒரே கேபிள் எதுக்குங்க?' என்று கேட்பவர்களிடம் மேசை சுத்தமாக இருக்கும் என்று மட்டும்தான் இப்போதும் சொல்கிறேன். முழு உபயோகத்தையும் சொன்னால் எந்தெந்த வீட்டில் யார் யார் மாட்டுவார்களோ!