முள்ளைப் பாரும்

பிறந்து இரண்டே நாளான மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு ஜனவரி மத்தியானம். மோர்டனில் நாங்கள் வாங்கிய வீட்டில் அதுதான் முதல் குளிர்காலம். கணவர் கதவைத் திறந்து, "வாங்கோ, வாங்கோ" என்று மகளை மரியாதையாக வரவேற்றார். உள்ளே வெளியைவிடக் குளிர். சுடுதண்ணீர் ஓடி வீட்டைச் சூடாக்க வேண்டிய ரேடியேட்டர் சில்லென்றிருந்தது.

"பிள்ளைக்கு வீடு நல்லாச் சுட வேணுமெண்டு நேற்று எல்லா ரேடியேட்டரிலயும் அடைச்ச காத்தைத் திறந்து விட்டனான்" என்றார், முகம் வாடி.

கிங்ஸ்பரியில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் சிரித்தது எனக்கே கேட்டது.

"மச்சான், காத்து வெளியில போனால் பிரஷர் இறங்கும்தானே. பொயிலரை நிப்பாட்டிப்போட்டு, கீழ இருக்கிற குழாயைத் திறந்து தண்ணி விடுங்கோ. மேல பிரஷர் காட்டுற முள்ளு ஒண்டரைக்கு வந்ததும் பூட்டுங்கோ."

பொயிலர் குசினி அலுமாரிக்குள் இருந்தது. கீழே தலையை நுழைத்துக் குழாயைத் திருகுபவருக்கு மேலே இருக்கும் முள் தெரியாது. வயிற்றில் தையலோடு என்னாலோ குனிய ஏலாது. ஆகவே அவர் முழந்தாளில். நான் போட்டிருந்த குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றாமல் மகளை ஏந்தியபடி முள்ளுக்குக் காவல்.

"திறக்கிறன். முள்ளைப் பாரும்."

உஸ்ஸென்று தண்ணீர் ஏறியது. சைபரில் கிடந்த முள் மெல்ல அசைந்தது. அந்த நேரம் பார்த்து மகள் ஒரு கொட்டாவி விட்டுக் கண்ணைத் திறந்தாள். இரண்டு நாளாகத் தூங்கியே கிடந்தவள், என்னையே பார்த்தாள்.

"எவ்வளவு?"

"இஞ்ச பாருங்கோ, கண் முழிச்சிட்டா!"

"முள்ளு எவ்வளவு?"

நிமிர்ந்தேன். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. "பூட்டுங்கோ, பூட்டுங்கோ!" என்று கத்தினேன். பதறிப் பூட்டிவிட்டு எழுந்தவர் அலுமாரியில் தலையை இடித்துக்கொண்டார். ஆனாலும் முதலில் மகளின் கண்களைத்தான் பார்த்தார்.

கூடிய தண்ணீரை ரேடியேட்டர் வழியாக இறக்க வேண்டியிருந்தது. காத்துத் திறக்கும் சாவியை ஒரு சுற்று அதிகமாகத் திருகிவிட்டார். கறுப்புத் தண்ணீர் பீச்சியடித்தது, மகளை அழைத்துவரவென்று அவர் போட்டிருந்த புது வெள்ளைச் சேர்ட்டில். அவர் குனிந்து தன்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயோ, சிரிக்க வைக்காதேங்கோ, தையல் நோகுது" என்றேன். சிரிப்பு நின்றால்தானே.

ஒருவழியாக முள் ஒன்றரைக்கு வந்தது. பொயிலர் உறுமிப் பற்றிக்கொள்ள, குழாய்கள் டிக் டிக்கென்று சுடத் தொடங்கின. மூன்று பேரும் சோபாவில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனோம்.

பின்னேரம் சாப்பாட்டுப் பெட்டிகளோடு வந்த அண்ணன் பலமுறை பெல் அடித்தாராம். கதவு திறந்ததும் அனல் அடித்தது. ஜக்கெட்டைக் கழற்றியபடியே, "என்ன இது, வீட்டுக்குள்ள வெயில் எறிக்குது!" என்றார்.