பதினோரு அடுக்குச் சமையல்காரர்

நாற்பத்துமூன்று வயதில் என் பிழைப்பு என்னவென்றால், முகத்தில் குழி போடுவது. தப்பாக நினைக்க வேண்டாம். கணினி விளையாட்டுகளில் வரும் மனிதர்களையும் பூதங்களையும் திரைக்குள்ளேயே சிலையாகச் செய்கிறேன். டிஜிட்டல் களிமண் உருண்டையைப் பேனாவால் அழுத்தி, இழுத்து, மூக்கும் முழியுமாக்க வேண்டும். பிறகு தோலின் நுணுக்கங்களைத் தனித்தனி அடுக்காக மேலே ஏற்ற வேண்டும். சுருக்கம் ஓர் அடுக்கு, தழும்பு ஓர் அடுக்கு, மயிர்க்கால் குழி ஓர் அடுக்கு. எதையும் கூட்டலாம், குறைக்கலாம், அணைத்தும் விடலாம். அடியில் இருக்கும் முகத்துக்கு ஒன்றும் ஆகாது.

இந்தக் குழி விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் அதிகம். அலுவலகத்தில் ‘குழி மாஸ்டர்’ என்பார்கள். அது பாராட்டு என்றே நான்கு வருடம் நம்பினேன்.

போன வருடம் ஒரு கடல் விளையாட்டுக்காக, அறுபது வயதுக் கப்பல் சமையல்காரரைச் செய்யச் சொன்னார்கள். முகத்தின் வடிவத்துக்கு ஒன்றரை நாள், தோலுக்கு மூன்று வாரம். எண்ணெய் தெறித்த தழும்பு மட்டும் நாற்பத்தாறு. மொத்தம் பதினோரு அடுக்கு. ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. பெற்றவனுக்குப் பிள்ளைகளை அடையாளம் தெரியாதா என்ற திமிர்.

வேலை கொடுத்தவர்கள் நான்கு பேர் வீடியோவில் வந்து பார்த்தார்கள். எங்கள் குழுத் தலைவியும் இருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், பட்டப்பெயர் டீச்சர்.

“குழி கொஞ்சம் ஜாஸ்தியாம் சார். பாதியாக் குறைங்க,” என்றார்.

ஏழாவது அடுக்கைக் குறைத்தேன். சமையல்காரரின் காது சுருங்கியது. அடுக்கை மாற்ற மறந்து, காதைத் திருத்திய வேலையையும் குழிகளோடு சேர்த்தே பதிந்து வைத்திருக்கிறேன். பதறிப்போய் எட்டாவதைக் குறைத்தேன். தொங்கிய தாடை மேலே ஏறி, மனிதர் இளித்தார். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறியது.

“எல்லாத்தையும் அணைச்சிடுங்க சார்,” என்றார் டீச்சர்.

அணைத்தேன். மொழுமொழுவென்று ஒரு முகம் மிஞ்சியது. சப்பை மூக்கு, இடப்பக்கம் தூக்கிய புருவம், உள்ளே போன மோவாய்.

டீச்சர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “சார்... இது நீங்கதானே?”

கூட்டம் முடிந்ததும் என் பழைய சிலைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். ராட்சசன், ராஜா, பிணந்தின்னி. அடுக்குகளை அணைக்க அணைக்க நான், நான், நான். விண்வெளி வீராங்கனைக்கு மட்டும் என் அக்கா சாயல்.

“வாய் அசைவு பார்க்கன்னு மேஜைல கண்ணாடி வச்சிருக்கீங்களே, அதை முதல்ல பைக்குள்ள போடுங்க. அஞ்சு நாள் தரேன். தலையை மறுபடி செய்யுங்க. நான் பார்க்கிற வரைக்கும் ஒரு அடுக்குகூட ஏத்தக் கூடாது.”

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே, “அந்த ராட்சசனைப் பார்த்தப்பவே தெரிஞ்சுது. கோபம் வந்தா நீங்க அப்படித்தான் இருப்பீங்க. சொன்னா வருத்தப்படுவீங்களேன்னு விட்டுட்டேன்,” என்றாள். பிறகு, “எங்க அண்ணனைப் பார்த்துச் செய்யுங்களேன். சமையல்காரர்னாலே அந்த முகம்தான்,” என்றாள்.

அவள் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருடத்துக்கு முன் நாலு பேர் நடுவில், ‘மாப்ள பொம்மை வச்சு விளையாடுறாரு’ என்றவர். அன்றிலிருந்து அவரிடம் ‘சாப்பிட்டீங்களா’வுக்கு மேல் பேசியதில்லை. இப்போது அந்தப் பொம்மைக்காகவே அவர் வாசலில் போய் நின்றேன்.

“நானா? விளையாட்டுலயா?” என்றவர், இல்லாத முடியைச் சீவிக்கொண்டு பால்கனி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று நாள் உட்கார்ந்தார். வாய் ஓயவில்லை. மறைத்துக்கொள்ளக் குழியும் சுருக்கமும் இல்லாததால், செய்ததையே அழித்து அழித்துச் செய்தேன். காதுக்கும் மோவாய்க்கும் நடுவே எலும்பு எங்கே திரும்புகிறது என்பதைத் தேடவே முதல் நாள் போயிற்று. இத்தனை வருட அனுபவசாலி நான்!

“ஏன் மாப்ள அப்படி முறைக்கிறீங்க? இன்னும் கோபமா?”

“தாடையைப் பார்க்கிறேன் மச்சான்.”

“அன்னைக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன்.”

“சரி விடுங்க. தலையை ஆட்டாதீங்க.”

மூன்று வருட ஊடல் அவ்வளவு சப்பையாக முடிந்தது.

ஐந்தாம் நாள் டீச்சர் அந்த மொட்டைத் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “யார் சார் இவரு? வாய் ஓயாம பேசுவாரு போல இருக்கே?” எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். அப்புறம் நான்கே அடுக்கு ஏற்றினேன், நான்குக்கும் பெயர் வைத்து.

விளையாட்டு வெளிவந்த வாரம் மச்சான் போன் செய்தார். “ரெண்டாவது கட்டத்துலயே புயல்ல என்னைக் கடல்ல தூக்கிப் போட்டுட்டீங்களே மாப்ள! எனக்கு நீச்சல் தெரியும்னு வச்சா என்ன?”

கதை எழுதுவது நான் இல்லை என்றேன். நம்பவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து விளையாடுகிறார். கப்பலைக் கரையை விட்டு நகர்த்துவதே இல்லை. சமையல்காரர் மீன் வெட்டிக்கொண்டே இருக்கிறார். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, உப்புப் போதாது என்கிறார்.