காவல் சோளம்

காவல்காரர் ஒச்சப்பன் ஆத்தூரை விட்டுப் போனது 1954 தைப்பொங்கலுக்கு மறுநாள். போலீஸ் இருக்கும்போது தனியாக ஒரு ஆளுக்குக் கூலி எதற்கு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. கம்பும் போர்வையுமாக அவர் பஸ் ஏறியபோது வழியனுப்ப நின்றவள் எங்கள் பக்கத்துத் தோட்டத்துச் சுப்புத்தாய் மட்டும்தான்.

அவள் விதவை, பிள்ளையில்லை. ஊருக்கு வெளியே கிணற்றடியில் ஒற்றை வீடு. கிணறும் மல்லிகைக் கொல்லையும் தனக்கே சேர வேண்டும் என்று கொழுந்தன் வீரப்பன் கறுவிக்கொண்டிருந்தான். ஒச்சப்பன் இருந்தவரை அவன் வரப்பைத் தாண்டவில்லை. அறுவடைக்கு அறுவடை ஒரு வீட்டில் சோளம் வாங்கிவிட்டால், அங்கே ஆடு காணாமல் போனாலும் ஆள் அடிபட்டாலும் காவல்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். அது வழக்கம்.

மாசியில் வீரப்பன் வாசலில் வந்து நின்று, "கிணத்துல மெதக்கப்போறே" என்றான். மறுநாள் ஒரு ஓலைப்பெட்டி சோளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சுப்புத்தாய் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

ஏட்டு சிலுவைமுத்து பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, லஞ்சம்னாலும் ஒரு கோழியக் கொண்டாரக் கூடாதா?"

"லஞ்சமில்ல ஏட்டய்யா. காவல் சோளம். வாங்கிக்கிட்டீகன்னா என் உசுருக்கு நீங்க பொறுப்பு."

சிரிப்பு நின்றது. "அதெல்லாம் வாங்கப்படாது தாயி. நாங்க ஊருக்குக் காவலு. ஒனக்குன்னு தனியா இல்ல. ஏதாச்சும் நடந்தா வா, எழுதிக்கிறோம்."

"நடந்துட்டா நான் எப்படி வாரது?"

அவர் எழுந்து வந்தார். பெட்டியைத் தலைக்கு ஏற்ற மட்டும் கை கொடுத்தார்.

சித்திரையில் வீரப்பன் அரிவாளோடு வந்தான். அவளுடைய இடது கை முழங்கையோடு போயிற்று. அன்றே போலீஸ் வந்தது. ரத்தம் கிடந்த இடத்தை அளந்தார்கள், அவனைப் பிடித்தார்கள். கோர்ட்டில் ஏழு வருடம் போட்டார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் வடக்கே பல ஊர் அலைந்துவிட்டு 1962இல் திரும்பியபோது அவன் விடுதலையாகி எங்கோ போயிருந்தான். சுப்புத்தாய் ஒற்றைக் கையால் மல்லிகை பறித்துக்கொண்டிருந்தாள். சரம் கட்ட முடியாததால் உதிரியாகவே விற்றாள். பேச ஆளில்லாமல் குரல் கம்மியிருந்தது. கோடையிலும் ஜன்னல் அடைத்தே கிடந்தது.

"அவன் எங்க இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்த்தா. செத்த நேரம் கண்ணசருவேன்."

ஸ்டேஷனில் போய்க் கேட்டேன். தண்டனை முடிந்தவன் எங்கே போனால் எங்களுக்கென்ன என்றார்கள்.

1967 ஐப்பசியில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் அவள் வாசலுக்கு வந்தார்.

"ஒன் கொழுந்தன் வீரப்பன் பாலசமுத்திரத்துச் சத்திரத்துல செத்துக் கெடக்கானாம். ஒறவுன்னு ஒன் பேரத்தான் சொல்லி வச்சிருக்கான். பொணத்த வாங்கிக்கிட ஒன்னைய வரச் சொன்னாக."