கம்ப்யூட்டருக்கு அப்பா தைத்த சட்டை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் என்னைப் போலவே அப்பாவைக் கண்டால் கூச்சம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது, அம்மாவின் தம்பியான மாமா வேலை பார்த்த வேலூர் கம்ப்யூட்டர் சென்டரில் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய பெட்டி. மாமா அதை பஸ்ஸில் மடியில் வைத்தபடி ஆம்பூர் வரை கொண்டுவந்தார். அக்காவுக்காகத்தான். அப்பா வேலை செய்த ஷூ கம்பெனியில் டிசைன் செக்‌ஷனுக்கு ஆள் எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். சொந்தமாக ஒரு ஷூவைக் கம்ப்யூட்டரில் வரைந்து, கலரில் பிரிண்ட் எடுத்துக் காட்ட வேண்டும். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த ஒரே ஆசை. நோட்டின் கடைசிப் பக்கங்களெல்லாம் செருப்பும் ஷூவுமாகத்தான் இருக்கும்.

பெட்டி வந்த வாரமே அப்பா அதற்கு ஒரு சட்டை தைத்துவிட்டார். வெளியே பிரவுன் தோல், உள்ளே மெத்தென்ற லைனிங், ஓரமெல்லாம் இரட்டைத் தையல். முன்பக்கம் பட்டனுக்கு ஒரு ஜன்னல், பின்பக்கம் ஒயர்கள் வரும் அளவுக்கு ஒரு வாய். மற்றபடி ஒரு எறும்பு நுழைய இடமில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் தோல் வேலைக்காரர்கள். அவர்கள் வந்து கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, தையலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதிகம் பேசாத அப்பா அன்றைக்கெல்லாம் சிரித்த முகமாகவே இருந்தார்.

ஆனால் அந்தப் பெட்டியில் டான் என்கிற இளம்பழுப்புக் கலர் போட்டால் மஞ்சளாக வந்தது. பிரவுன் செங்கல் மாதிரி இருந்தது. ஷூவைத் திருப்பிப் பார்க்கலாமென்றால், அது திரும்புவதற்குள் அம்மா சோறு வடித்துவிடுவாள். கிராபிக்ஸ் கார்டு போட்டால் எல்லாம் சரியாகும் என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா பழைய கார்டு ஒன்றைக் கொண்டுவந்தார். சட்டையைக் கழற்றி, பெட்டியைத் திறந்து மாட்டினார். திரை கறுப்பாகவே இருந்தது. எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். மாமா பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, மானிட்டர் ஒயரைப் பழைய இடத்திலிருந்து பிடுங்கி கார்டில் சொருகினார். அக்காவின் ஷூ, நிஜமான டான் கலரில், மெல்லத் திரும்பியது. அம்மா ஸ்தோத்திரம் சொன்னாள்.

மாமா பஸ் ஏறியதும் அப்பா சட்டையை மாட்டி, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஷூவின் மேல் பச்சைக் கோடுகள் ஓடின. பிறகு படம் துண்டு துண்டாகி அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு மாமா மறுபடியும் வந்தார். சட்டையைக் கழற்றினார், எல்லாவற்றையும் சோதித்தார். சாயங்காலம் வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

"நல்லாத்தானே மாமா இருக்குது. நீங்க இன்னா பண்ணீங்க?" என்று மாமா அப்பாவைக் கேட்டார்.

"நான் கிட்டவே போவல மச்சான். சட்டை மட்டும்தான் போட்டு வுட்டேன்."

இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். மாமா போனார், சட்டை ஏறியது, பச்சைக் கோடு வந்தது. அம்மா இரவு ஜெபத்தில் கம்ப்யூட்டரையும் சேர்த்துக்கொண்டாள். எனக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கும் பாட்டு எனக்கும் அப்பா எதிரில் இப்படித்தான் துண்டு துண்டாகும்.

ஒருநாள் கோடுகள் வந்தபோது அக்கா சட்டையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொடுவதுபோல. உடனே கையை எடுத்துவிட்டாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தையல் பிசிரைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் கையைப் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து அப்பா வேலைக்குப் போனதும் அக்கா சட்டையைக் கழற்றிவிடுவாள், அவர் வருவதற்குள் மாட்டிவிடுவாள். இடையில் கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடியது. அப்பா இல்லாததால்தான் என்று நினைத்தேன்.

காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின மதியம், நான் வாசலில் இருந்தேன். கம்பெனியில் மிஷின் நின்று ஆட்களை அனுப்பிவிட்டார்கள்போல, அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே ஒரு கால் வைத்தவர் அப்படியே நின்றார். அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சட்டை கட்டிலில் கிடந்தது. திரையில் ஷூ பளபளவென்று திரும்பிக்கொண்டிருந்தது. அதன் முனையில் பூப்போல வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். அப்பா கட்டிலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அந்தத் துளைகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு சத்தமில்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனார். அங்கிருந்து மணியடித்துக்கொண்டே வந்தார். மணியே அடிக்காத மனிதர், எங்கள் வீடு வரைக்கும் விடாமல் அடித்தார். உள்ளே அக்கா ஓடும் சத்தம் கேட்டது. அவர் நுழைந்தபோது கம்ப்யூட்டர் சட்டை போட்டிருந்தது.

"முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதுப்பா."

அக்காவை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, தோலில் துளை போடும் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தார். பக்கவாட்டிலும் முதுகிலும், அக்காவின் ஷூவில் இருந்த அதே பூத்துளைகளை வரிசை வரிசையாகப் போட்டார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிசாக.

"உன் டிசைன் நல்லா இருந்துதும்மா. அதான் இதுக்கும் போட்டேன்" என்றார்.

அக்கா சட்டையை வாங்கி, ஒரு துளையில் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நாலு துளை போட்டதற்கு இவள் ஏன் கண்ணைத் துடைக்கிறாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அன்றைக்கு அப்பா முன்னாலேயே, சட்டையைப் போட்டுக்கொண்டே, கம்ப்யூட்டர் சாயங்காலம் வரை ஓடியது. அதற்குக் கூச்சம் போய்விட்டதே என்று எனக்குச் சந்தோஷம். எனக்கு மட்டும் எப்போது போகும் என்று கவலைப்பட்டுக்கொண்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.