நான் துடைத்த பெரணி

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, இன்னும் பெயர் வைக்கப்படாத ஒரு செடி எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிட்டத்தட்ட இரண்டு வாரம் இருந்தது. கொண்டுவந்தவள் சித்தி, அம்மாவின் தங்கை. இராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் தாவரவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஆராய்ச்சி என்பது விடுமுறை நாட்களில் மலை ஏறுவதும், திரும்பி வந்து செய்தித்தாள்களுக்கு நடுவே இலைகளை வைத்து அதன்மேல் அப்பாவின் எடைக்கற்களை ஏற்றுவதும்தான் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

அந்தச் செடி ஒரு பெரணி, ஆங்கிலத்தில் ஃபெர்ன். மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் வண்டியில் நானும் சித்தியும் தொற்றிக்கொண்டு, ஊரிலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்த சுண்ணாம்புக்கல் மலை ஒன்றுக்குப் போனோம். வாசலிலிருந்தே பச்சை மலையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அது காய்ச்சலில் கிடந்து எழுந்த ஆளைப்போல வெளுத்துத் தெரிந்தது. சுண்ணாம்புக்கல் சுட்ட பழைய சூளை, காளவாசல் என்பார்கள், ஒன்று அங்கே இடிந்து கிடந்தது; அதற்கு நேர் மேலே பாறை வெடிப்பு ஒன்றில் விரல் நீளத்துக்கு நாலைந்து செடிகள். சித்தி அவற்றின் முன் மண்டியிட்டு லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தாள். கடைசியில் ஒரே ஒரு செடியிலிருந்து இரண்டு இலைகளை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"அம்புட்டுந்தானா? இதுக்கா இவ்வளவு பெட்ரோலு?" என்றார் அப்பா.

வீட்டில் அம்மாவும் விடவில்லை. "ஏட்டி, இன்னும் பேரு வைக்கலைங்கிற. தொட்டில் கட்டிருவமா?" என்று கட்டிலுக்கு அடியில் துடைக்கும்போதெல்லாம் கேட்டாள்.

"கட்டுக்கா. பேரு நான்தான் வைப்பேன்" என்றாள் சித்தி.

அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. இதுவரை யாரும் எழுதாத செடி என்றால், அதன் இலை நீளம், காம்பின் நிறம், செதிலின் வடிவம் வரை ஒன்றுவிடாமல் விவரித்து எழுத வேண்டுமாம். அப்படி எழுதுகிறவர்தான் பெயரும் வைப்பார். அதற்காகச் சித்தி ஒரு தனி நோட்டுப் போட்டிருந்தாள். பெரணிகளை நன்கு அறிந்த பேராசிரியர் ஒருவர் வேறு வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவதாக இருந்தது. அவர் பார்த்துப் புதியதுதான் என்று சொல்லிவிட்டால் சித்தி எழுதத் தொடங்கிவிடலாம்.

செய்தித்தாள் மாற்றும் பொறுப்பு என்னுடையது. ஈரம் இழுத்த தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாள் வைக்க வேண்டும், இலையைக் கையால் தொடக்கூடாது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை என்று எனக்கு வீட்டில் பெயர். இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. அப்பாவுக்குப் பேண்டேஜ் துணி வெட்டி மடிக்கும் கொட்டகை இருந்தது. வெளுத்து வரும் துணியில் துருக்கறையோ எண்ணெய்க்கறையோ ஒரு பொட்டு இருந்தாலும் அந்தச் சுருளையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பள்ளி விட்டு வந்ததும் துணியை வெளிச்சத்தில் பிடித்துக் கறை பார்ப்பேன். பெரியவர்கள் கண்ணுக்குத் தப்பியது என் கண்ணுக்குத் தப்பாது என்று கொட்டகையில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அதை நம்பினேன்.

பேராசிரியர் வருவதற்கு முதல்நாள் தாள் மாற்றும்போது இலைகள் புரண்டுவிட்டன. பின்பக்கம் முழுக்கப் பழுப்புக் கோடுகள். கொட்டகைத் துணியில் வருகிற துருக்கறையேதான். நாளைக்குப் பெரிய மனிதர் பார்க்கப்போகிற பொருள். சித்தி கவனிக்கவே இல்லையே. கையால்தானே தொடக்கூடாது? கொட்டகையிலிருந்து ஒரு துண்டு பேண்டேஜ் துணி எடுத்துவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு இலைகளையும் கோடு கோடாகத் துடைத்தேன். ஓர் இலைகூட முறியவில்லை. அவ்வளவு பக்குவமாகச் செய்தேன்.

சாயங்காலம் சித்தி வந்ததும் நானே போய்ச் சொன்னேன். "சித்தி, கறையெல்லாம் துணி வச்சு எடுத்துட்டேன்."

அவள் இலையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். "அந்தத் துணி எங்க?" என்று மட்டும் கேட்டாள். குப்பையில் போட்டிருந்த துணியை எடுத்துக் கொடுத்தேன். அதை ஒரு தாளில் மடித்து வைத்துக்கொண்டு, பெரணி பூக்காது, காய்க்காது, அந்தப் பழுப்புத் தூள்தான் அதற்கு விதை, அது இலையில் எப்படி வரிசையாக அமைந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் இது வேறு அது வேறு என்று சொல்ல முடியும் என்று மெதுவாக விளக்கினாள். குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யார்ட்டயும் சொல்லாதீங்க சித்தி."

"சொல்லமாட்டேன்."

"அம்மாட்ட?"

"யார்ட்டயும் சொல்லமாட்டேன். மூக்கைச் சிந்து."

மறுநாள் சனிக்கிழமை. அவள் வாக்கைக் கண்காணிப்பதற்காக நானும் அழுது அடம்பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். பேராசிரியர் மடவார் வளாகம் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு விடுதியின் மாடியில் தங்கியிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இலையைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துப் பார்க்கும் மனிதர். காம்பைப் பார்த்தார், செதிலைப் பார்த்தார், சித்தியின் நோட்டைப் புரட்டினார். "நல்லா எழுதியிருக்கீங்கம்மா. புதுசு மாதிரிதான் தெரியுது" என்றவர், இலையைத் திருப்பினார்.

"தூள் எங்க? தானா உதிர்ந்துடுச்சா?"

ஆமாம் என்று அவள் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால், சீக்கிரமே தூள் உதிர்க்கும் செடி என்று அந்தப் பொய்யும் விவரிப்பில் ஏறியிருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"இல்ல சார். துடைச்சது" என்றாள் சித்தி.

"துடைச்சதா? யாரு?"

நான் அவள் துப்பட்டாவைப் பிடித்தேன். தாளில் மடித்த துணியை மேசையில் வைத்துவிட்டு, "என் பொறுப்புல இருந்தப்ப நடந்தது சார்" என்றாள் அவள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "ரெண்டே ரெண்டு இலைம்மா. அதைப் பாத்துக்க முடியலையே" என்று வருத்தமாகத்தான் சொன்னார். அடுத்த மழைக்கு நானே மறுபடி போய் எடுத்துவருகிறேன் என்று சித்தி ஆரம்பித்தாள். அவர், வேண்டாம், எங்கள் ஆட்களே போவார்கள், விவரிப்பையும் நாங்களே எழுதிக்கொள்கிறோம், இடத்தை மட்டும் எழுதிக் கொடுங்கள், நன்றியுரையில் உங்கள் பெயர் வரும் என்றார். சொன்னபடி வரவும் செய்தது. பிறகு அச்சில் வந்த அந்த விவரிப்பின் கடைசியில், சிறிய எழுத்தில், பலர் பெயர்களுக்கு நடுவே சித்தியின் பெயர் இருந்தது. பெயர் வைத்தவர்கள் வேறு.

இன்றைக்கு என் மகள் எதையாவது கெடுத்துவிட்டு வந்து நின்றால், "இவதான் செஞ்சா" என்பது அடுத்தவர் கேட்பதற்கு முன்பே என் வாயில் வந்துவிடுகிறது. சொன்ன பிறகு இரவு முழுக்கச் சரியா தப்பா என்று புரண்டு படுக்கிறேன். சித்தி அன்று புரண்டு படுத்தாளா என்று தெரியாது. என்னிடம் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அந்த மாடியறையில் என் பெயர் வெளிவராததில் எனக்கு உச்சி குளிர்ந்திருந்தது. சித்தி ஒரு வெள்ளைத்தாளில் இடத்தை எழுதினாள். ஊர், மண்பாதை, மலையின் கிழக்குப் பக்கம். எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். நான் அவள் தோள்மீது எட்டிப் படித்தேன்.

"சித்தி, இடிஞ்ச சுண்ணாம்புக் காளவாசலை விட்டுட்டீங்களே. அதுக்கு நேர் மேலதான அந்த வெடிப்பு."

"பாப்பாவுக்கு நல்ல ஞாபகம்" என்றார் பேராசிரியர்.

சித்தி என்னைப் பார்த்தாள். அந்த அடையாளம் இல்லாமல் வேறு யாருக்கும் அந்த வெடிப்பு கிடைத்திருக்காது. அவள் மறந்திருக்கலாம். மறந்துதான் இருக்க வேண்டும் என்று இப்போதும் சில சமயம் வேண்டிக்கொள்கிறேன். பேனாவைத் திறந்து, நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, தாளை அவரிடம் நீட்டினாள்.

நேற்றுச் செய்ததற்கு இன்று ஈடுகட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்துத் துள்ளித் துள்ளிப் படி இறங்கினேன்.